தொடுகைக்கு ஒரு வரிசை

ஜெசிந்தா தொடுவுறையை வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே குழந்தை உதைத்தது. அந்த உதை, ஆழ்கடல் கனிம நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் லூர்தின் உள்ளங்கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"ஒண்ணும் தெரியலியேட்டி?" என்றான் லூர்து.

"அவன் உதைச்சிட்டுத் தூங்கியே போயிட்டான்."

"ஆ! இந்தா, இப்பதான் வருது!"

இருவரும் சிரித்தார்கள். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

தொடுகையைச் சுமந்து செல்லும் தொடுவலை வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் எல்லாருடைய தொடுகையும் கண நேரத்தில் போனது. பிறகு இணைப்பு நிறுவனம் 'விரைவழி' திறந்தது. அதில் சேர்ந்தவர்களின் தொடுகை முன்னால் போகும். மற்றவர்களுடையது நான்கு விநாடி ஒதுங்கி நின்று வழிவிடும்.

ஜெசிந்தா தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போய் இணையச் சமன்மை ஆணையத்தில் மனுக் கொடுத்தாள். விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர், "நாலு செகண்ட்தானேம்மா?" என்றார்.

"நான் அழுது முடிச்சப்புறம்தான் சார் அவுக கை என் கன்னத்துக்கு வருது."

ஆணையத் தலைவர் திரிபுரசுந்தரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அடுத்த மாதமே ஆணை வந்தது: எல்லாத் தொடுகையும் சமம். நிறுவனமோ அரசோ யாரையும் முந்தவிடக் கூடாது. அன்று குழந்தை உதைத்த கணமே உதை லூர்திடம் போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவ உதைக்கச் சொல்லுட்டி" என்றான் அவன்.

குழந்தைக்கு ஏழு மாதமானபோது, மதுரையிலிருந்து ஒரு மருத்துவர் தொலைக்கரங்களால் தீவொன்றில் அறுவை செய்தார். பண்டிகை நெரிசலில் அவருடைய விரலசைவும் வரிசையில் காத்து நின்றது. நோயாளி பிழைத்ததே பெரிது. ஆணையம் ஒரு விலக்கு அளிக்க முடிவு செய்தது. அதற்கு விதி எழுதவும், அனுமதி வழங்கவும் திரிபுரசுந்தரி ஜெசிந்தாவை அழைத்தார்.

"நான் என்ன மேடம் படிச்சிருக்கேன்?"

"காத்திருக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்மா. அது போதும்."

ஜெசிந்தா ஒரே வரியில் எழுதினாள்: உயிர் காக்கும் தொடுகை மட்டும் முந்தலாம். மாதக்கணக்கில் அறுவை சிகிச்சைகள்தான் வந்தன, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் மதியம், கப்பலொன்றிலிருந்து காதர் மைதீன் என்பவன் அழைத்தான். அவன் தாய் காயல்பட்டினத்தில் படுக்கையில் இருந்தாள்.

"பொழுது தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அக்கா. இன்னைக்கு நெரிசல்ல என் பிடி பத்து செகண்ட் கழிச்சுத்தான் போவுது. நான் மைதீன்னு சொல்றேன், உம்மா கைய நீட்டுறாங்க. ஒண்ணும் வரலேன்னு எடுத்துடுறாங்க."

"சிகிச்சை ஏதும் உண்டா, தம்பி?"

"இல்லக்கா. கையப் பிடிக்கணும், அவ்வளவுதான்."

விதி தெளிவாக இருந்தது. அவன் ஒருவன் முந்தினால் மற்ற எல்லாருடைய தொடுகையும் துளியேனும் பின்தங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அனுமதித்தாள்.

சற்று நேரத்தில் அவன் குரல் உடைந்து வந்தது. "உம்மா என் விரல ஒவ்வொண்ணா தடவுறாங்க, அக்கா."

ஜெசிந்தா பக்கத்தில் கிடந்த குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காதர் மைதீன் அதை யார் யாரிடமோ நன்றியோடு சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலை நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் வந்திருந்தன. ஜெசிந்தா ஒன்றையும் விடாமல் படித்தாள். நிராகரிக்கத்தக்கது ஒன்றுகூட இல்லை.