லாபம் என்று சொன்ன குரல்

எலும்பு முறியும் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெண் "லாபம்" என்றாள்.

வேணு ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். திண்டிவனத்தில் மத்தியான கரண்ட் கட். ஓடாத ஃபேன், ஜன்னல் இடுக்கில் கத்தி போல் வெயில், அடுப்பங்கரையிலிருந்து மல்லாட்டைக் கடலை வறுபடும் வாசனை, பைபாஸ் பக்கம் நீளமாக அலறி ஓயும் லாரி ஹாரன். வேறு எதுவும் இல்லை. நைட் ஷிப்ட் வேலையை உதறிவிட்டு வந்ததிலிருந்து நெட்டில் ஆடியோ திகில் கதை போட்டுக்கொண்டிருக்கிறான். கதைக்கு வேண்டிய சத்தங்களை ஒரு வெளிநாட்டு சைட்டில் எடுப்பான். மழை, கதவு, நாய் என்று யார் யாரோ பதிவு செய்து சும்மா போட்டு வைத்திருப்பார்கள். இந்த ஃபைலைப் போட்டவனின் பெயர் வாயில்கூட நுழையவில்லை. அதில் தமிழ் எப்படி வந்தது?

மறுபடி ஓட்டினான். மளுக். "லாபம்." அப்புறம் வெறும் மூச்சு. பதிலுக்குக் காத்திருக்கிற மூச்சு. அதோடு முடிந்தது.

சந்தேகம் மனைவி மேல் போனது. அவன் மைக்கைத் தொடும்போதெல்லாம் "இதுல இன்னா லாபம்?" என்று குத்துபவள் வடிவுதான். அவள் தம்பிக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி. இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். குரலும் அவள் பிறந்த வல்லம் பக்கத்துக் குரல். கேட்கக் கேட்க அது அவளுடையதாகவே ஆகிக்கொண்டு வந்தது.

கூப்பிட்டுக் கேட்டான். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து சிரித்தாள்.

"உன் பொட்டிக்குள்ள பூந்து நான் எதுக்குப் பேசறேன்? வேலையில்லாம குந்திக்கினு இருந்தா எல்லாம் கேக்கும் மாமா."

அவன் நம்பவில்லை. பொய் சொல்கிறவள் தன் குரலையே கேட்டால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். தரையில் உட்காரவைத்து, ஹெட்போனைத் தன் கையாலேயே அவள் காதில் மாட்டினான். ஃபைலை ஓட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவின் முகம் மலர்ந்தது.

"எங்க ஊரு களத்துல நெல்லு அளக்கற மாதிரி இருக்குது மாமா. மொத மரக்காவ ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் சொல்லுவாங்க. சாக்குப் புடிச்சிக்கினு இருக்கறவங்க அடுத்ததச் சொல்லணும்."

சொன்ன வாக்கில், பழக்கத்தில், "ரெண்டு" என்றாள்.

மளுக்.

சத்தம் ஹெட்போனில் இல்லை. அறைக்குள் கேட்டது.

வேணு ஃபைலை நிறுத்தினான். ஒயரைப் பிடுங்கினான். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. காதோரம் யாரோ சொல்வதை மரியாதையாகக் கேட்பவள் போலத் தலையை லேசாகச் சாய்த்திருந்தாள்.

"கழட்டு வடிவு."

கேட்கவில்லை. ஒயரின் முனை அவன் கையில் இருந்தது. லேப்டாப் எப்போதோ அணைந்திருந்தது.

"மூணு" என்றாள்.

மளுக்.

அப்போதுதான் அவள் மடியைப் பார்த்தான். இடது கை. இரண்டு விரல்கள் பின்னால் மடிந்து புறங்கையில் படிந்து கிடந்தன. ரத்தம் இல்லை. முகத்தில் வலி இல்லை.

வலது கை முந்தானையைச் சாக்கின் வாய்போல் விரித்துப் பிடித்திருந்தது. அதில் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் துணி கனத்து, தரையைத் தொட இறங்கிக்கொண்டிருந்தது.

வடிவு வாயைத் திறந்தாள். மூன்றாவது விரல், யாரும் தொடாமல், மெல்ல நிமிர்ந்து பின்னால் சாயத் தொடங்கியது.