மேஜைமேல் இரண்டு தொகுதிகள்

“டீச்சர்!” உடற்பயிற்சி ஆசிரியர் தயாளன் நூலகத்துக்குள் ஓடிவந்தார். “ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க மூணு பேர் விடாம வாந்தி எடுக்கறாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. என்ன தின்னாங்கன்னு தெரியாம டாக்டர் தவிக்கிறார். கேட்டா பயத்துல வாயே திறக்க மாட்டேங்கறாங்க.”

நூலக ஆசிரியை தபீதாள் சட்டென்று எழுந்தார். “யார் யார்?”

“காந்திமதியும் அவ கூட்டாளிங்க ரெண்டு பேரும். மூணு பேர் சட்டையிலயும் பழுப்பா கறை வேற.”

காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள். கலைக்களஞ்சியத்தில் ஒரு சொல்லைத் தேடுவது எப்படி, ‘காண்க’ என்று போட்டிருந்தால் அடுத்து எந்தத் தொகுதியைப் புரட்டுவது என்பதுதான் பாடம்.

வெளியே கூச்சல் கேட்டது. பள்ளி வாசலில் சுண்டல் விற்கும் எல்லம்மாவைப் பெற்றோர் சூழ்ந்திருந்தார்கள். ஒருவர் கையை ஓங்கினார்.

“நா இன்னா பண்ணேன்?” எல்லம்மா கெஞ்சினாள். “இதே சுண்டலத்தான் இஸ்கோல் புள்ளைங்க எல்லாம் துன்னுச்சு!”

“அது நிஜம்தானே, சார்?” தபீதாள் தாழ்ந்த குரலில் கேட்டார். “மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே.”

அவர் பார்வை மேஜைக்குப் போனது. காலையில் தொகுதிகளை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போயிருந்தார். இப்போது இரண்டு வெளியே கிடந்தன. ஒன்று ‘ப’ வரிசை. மற்றது ‘வ’ வரிசை. ‘வ’ தொகுதியின் ஓரத்தில் பிசுபிசுப்பான பழுப்புக் கறை.

“சார், அதே கறை! ‘ப’வில் ஆரம்பித்து ‘வ’வுக்கு ஏன் போனார்கள்?” தபீதாள் வேகமாகப் புரட்டினார். “இதோ. ‘பாதாம், காண்க: வாதுமை.’ வாதுமையில் ‘பருப்பு உண்ணத்தக்கது’ என்று இருக்கிறது. பாதாம் என்று நினைத்து எதையோ தின்றிருக்கிறார்கள்.”

“நம்ம ஸ்கூல்ல பாதாம் மரமே இல்லையே, டீச்சர்!”

“இல்லை. கொட்டை இருக்கிற செடி, பறித்தால் பால் வடிந்து துணியில் கறையாகும். மைதானத்துக்குப் பின்னால் வேலியாக என்ன வளர்ந்திருக்கிறது?”

தயாளனின் முகம் வெளுத்தது. “காட்டாமணக்கு! அதோட கொட்டை விஷமாச்சே!”

அவர் ஓடினார். வேலியோரம் உடைத்த காய்களும் கறுப்புத் தோல்களும் சிதறிக் கிடந்தன. ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு, வாசலில் நின்ற பெற்றோரிடம் அதைக் காட்டி எல்லம்மாவை விடுவித்துவிட்டு, தன் மொபெட்டில் தாம்பரம் சந்தை நெரிசலைப் பிளந்து பறந்தார். அதற்குள் தலைமையாசிரியர் அறைத் தொலைபேசியில் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார் தபீதாள். பதிலுக்குக் காத்திருந்தவரின் வாய் முணுமுணுப்பாய் ஜெபம் செய்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் தேறிக் கண் விழித்திருந்தார்கள். கையில் குளுக்கோஸ் ஊசியோடு காந்திமதி விசும்பினாள்.

“புத்தகத்துல பாத்துட்டுத்தான் தின்னோம், டீச்சர். புக்கு பொய் சொல்லுமா?”

“சொல்லாதும்மா. நீங்கள் பாதாம் என்று முடிவு பண்ணிவிட்டுப் போனீர்கள். அது பாதாமைப் பற்றிச் சொன்னது. கையில் இருப்பது என்ன என்பதை முதலில் தேடியிருக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை.”

சொல்லி முடித்ததும்தான் தபீதாளின் கைகள் நடுங்கத் தொடங்கின. காந்திமதி ஊசி இல்லாத கையை நீட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.