உறையாத குப்பி

எல்லாக் குப்பிகளும் கல்லாக உறைந்திருக்க, மூலையில் இருந்த ஒன்று மட்டும் தளும்பியது.

சியோனே கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். தூங்கும் பிள்ளையின் கழுத்தில் இருக்குமே, அந்தச் சூடு. வெளியே பிளாண்டயர் நகரின் டிசம்பர் மழை தகரக் கூரையில் கொட்டியது. மின்சாரம் போய், ஜெனரேட்டர் இழுத்து இழுத்து உறும, டீசல் புகையும் மருந்து நெடியும் கலந்து ஆய்வகம் முழுக்கக் குமட்டலாகத் தேங்கி நின்றன. ஃப்ரீசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இது மட்டும் ஏன் உறையவில்லை?

அது அவளுடைய பனிக்குட நீர். போன மாதம் டாக்டர் அவள் வயிற்றில் ஊசி குத்தி எடுத்தது. அந்த நீரில் ஒரு புரதம் ஏறியிருந்தால் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்துவிடும். அதைச் சோதித்துச் சொல்வதுதான் அவளுக்கு இங்கே வேலை. அவளுக்கே இரண்டு அப்படிப் போயின. பேர் வைக்காத பிள்ளை என்று பெண்கள் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். வாய்விட்டு அழக்கூட விடவில்லை.

இந்த முறை டாக்டரைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சித்தேஞ்சேத் துணியைத் தொளதொளவென்று சுற்றி வயிற்றை மறைத்தாள். வெளியே தெரிந்தால் யாராவது சூனியம் கீனியம் வைத்துவிடுவார்கள் என்ற பயம் படித்தவளையும் விடவில்லை. அதனால்தான் இந்தக் குப்பியில் ஓர் எண்கூட ஒட்டாமல் மூலையில் செருகினாள். கிறுக்குத்தனம்தான், வேறென்ன.

போன வாரம் சோதித்தபோது புரதம் குறைவு. சோதனைத் தட்டில் வெளிறிய மஞ்சள். நிம்மதியில் கழிவறைக்குள் போய் அழுதாள். இன்று மறுபடி சோதித்தாள். அடர்மஞ்சள், புரதம் ஏறியிருந்தது. எடுத்து வைத்த நீர் மாறாது. மாறக் கூடாது.

காலையிலிருந்து பிள்ளையும் அசையவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

உள்ளங்கையில் ஏதோ இடித்தது.

குப்பி.

மறுபடி இடித்தது.

"அக்கா, லேபிள் இல்லாதது ஏதாச்சும் இருந்தா குடுங்க. மழை விட்டுருச்சு, கழிவு எரிக்கிற சூளைய மூட்டியாச்சு." உதவியாளன் லிம்பானி சிவப்புப் பையோடு வாசலில் நின்றான். "அட, இதென்ன, கோழி அடைகாக்குற மாதிரி பொத்தி வச்சிருக்கீங்க? யாரோடது?"

என்னுடையது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. 

"பேர் இல்லாதத வச்சிருந்ததுக்குத்தானே அன்னிக்கு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சீங்க? இப்ப நீங்களேவா? குடுங்கக்கா."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அவன் முற்றத்தைக் கடந்தான். கையில் பை தொங்கியது. அதன் ஓரம் சின்னக் குதிகால் அளவு புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

சியோனே துணிக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. கல்லாக.

சூளைக் கதவு கிறீச்சிட்டது. பை துள்ளியது. அதை உள்ளே வீச லிம்பானி கையை ஓங்கினான்.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது.