மூன்றாம் முறை கூப்பிட்டால்

கனடாவுக்குப் போன மாமாவின் வீடு வேலணையில் பூட்டிக் கிடந்தது. அமைதியாக இருந்து வேலை செய்யலாம் என்று கஜனி தன் சின்ன மகள் நிலாந்தியோடு அங்கே வந்து இறங்கினாள். மின்னஞ்சல் செயலி ஒன்றில் எந்த அஞ்சலுக்கு மணி அடிக்க வேண்டும், எதைச் சத்தமில்லாமல் ஒதுக்க வேண்டும் என்று விதி வகுப்பது அவள் வேலை.

சாவி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சத்தியபாமா, பின்வளவுக் கிணற்றைப் பார்க்காமலே பேசினாள்.

"மத்தியானத்தில ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா உடன ஓம் எண்டு சொல்லிப்போடாதையும். மனிசர் எண்டா மூண்டு தரம் கூப்பிடுவினம். அங்க கிடக்கிற அதுக்கு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிட ஏலாது."

"ஓம் எண்டு சொன்னா, அக்கா?"

"பிறகு ஒருக்காக் கூப்பிட்டாலே அதுக்குக் காணும்."

கஜனி சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருந்தால் ஒரு பிழையுமில்லை. கெட்டிக்காரியல்லவா, அதையே விதியாக எழுதினாள். முன்பின் தெரியாதவரின் முதல் இரண்டு அஞ்சல்களுக்குச் சத்தமில்லை. மூன்றாவதற்கு மணி அடிக்கும். ஒருமுறை பதில் போட்டுவிட்டால் அவர் தெரிந்தவர், பிறகு முதல் அஞ்சலுக்கே மணி. தன் அஞ்சல் பெட்டியிலேயே போட்டுச் சோதித்தாள்.

மறுநாள் மத்தியானம் காற்று நின்றுபோயிருந்தது. குசினிக்குப் பின்னால், கிணற்றுப் பக்கமிருந்து பாசி மணம் வந்தது.

மணி அடித்தது.

அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒரே சொல்: கஜனி.

ஒதுக்கிய அஞ்சல்களைத் திறந்தாள். அங்கே இன்னும் இரண்டு இருந்தன.

கஜனி.

கஜனி.

இரண்டுக்கு மேல் கூப்பிட ஏலாததுக்கு மூன்றாவதைச் சொல்லிக்கொடுத்தவள் தானே என்று அவளுக்குத் தெரிந்தது.

"நிலாந்தி..."

கிணற்றடியிலிருந்து சத்தியபாமாவின் குரல்.

"நிலாந்தி..."

விறாந்தையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை எழும்பி ஓடியது. கஜனி கதிரை சரியப் பின்னால் ஓடினாள்.

"நிலாந்தி..."

"ஓம், வாறன்!" என்றது பிள்ளை.

கிணற்றுக் கட்டின் மேல் கால் வைத்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு வாசல் படலைக்குப் பாய்ந்தாள். அங்கே மீன் பையோடு சத்தியபாமா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"நான் கூப்பிடேல்லையே, பிள்ளை!"

அன்றே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினார்கள். கஜனி விதியை அழித்தாள். கைபேசியையும் அணைத்தாள். பஸ் கடலுக்கு நடுவே போகும் தாம்போதிப் பாதையில் ஏறியபோதுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மடியில் பிள்ளை நித்திரை. கஜனியின் காதில் ஒரு குரலும் விழவில்லை.

நிலாந்தி கண்ணைத் திறந்து, யன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "வாறன்."