கொலையே நடக்காத புத்தகம்

மோதியது அவன்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அவனுக்கு ஓடத்தான் தெரியும், நடக்கத் தெரியாது என்று ஆஸ்பத்திரியே கேலி பேசும். அன்றும் மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன், வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தவளை இடிக்க, அவள் கையிலிருந்த நாவல் தண்ணீரில் விழுந்தது.

அவள் நிமிர்ந்தாள். அப்பா, என்ன கண்கள்... கோபம்கூட அவற்றில் நிதானமாகத்தான் வந்தது. அதே ஆஸ்பத்திரியின் மாடியில், கால் உடைந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள்.

"சைரன் போடாம வந்துட்டீங்களே!"

"சாரி மேடம்... காய வெச்சுத் தர்றேன்."

"காய வெச்சா மட்டும் போதாது. படிச்சுட்டுக் குடுங்க. அதான் தண்டனை!"

முதல் பக்கத்திலேயே பிணம் விழுந்தால்தான் அவனுக்குக் கதை. இதிலோ பழைய வீடு, ஏரி, பனிமூட்டம்... ஒருத்தி ஜன்னலைத் திறக்கவே பதினோரு பக்கம்! கொட்டாவி விட்டுத் தாடை வலித்தது. தோற்றதாக ஒப்புக்கொள்ள மனசு வருமா? மூன்றாம் நாள் மாடியேறி, "முடிச்சுட்டேன், பிரமாதம்!" என்றான்.

"கடைசியில என்ன ஆச்சு?"

"அந்த... ஏரியில தள்ளிவிட்டது தோட்டக்காரன்தான். அப்பவே சந்தேகப்பட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு முகம் வாடியது. "இதுல யாருமே சாகலை. தோட்டக்காரனே கிடையாது. படிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே... பொய் எதுக்கு?"

புத்தகத்தைத் திருப்பிக்கூடக் கேட்காமல் போய்விட்டாள்.

பத்து நாள் அவன் மாடிப்பக்கம் போகவில்லை. வண்டியில் உட்கார்ந்து, அழைப்புகளுக்கு நடுவே, முதலிலிருந்து படித்தான். வீம்புக்குத்தான் ஆரம்பித்தான். எப்போதென்று தெரியாமல் அந்தப் பனிக்குள் போய்விட்டான். ஜன்னலைத் திறந்தவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று புரிந்த அன்று, தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தான். உள்ளே அவள் யாரையோ கைப்பிடித்து, அடி அடியாக நடத்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இந்த ஜன்னலைப் பார்க்காமல் எங்கே ஓடினேன்...?

மறுநாள் படியேறினான். நடந்தே.

"முடிச்சாச்சா?" அவள் திரும்பாமல் கேட்டாள்.

"இல்ல. நாற்பது பக்கம் பாக்கி."

"பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் தினமும் பாதிப் பக்கத்துலயே மூடி வெச்சிடறேன்... முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும். அப்புறம் உங்களைப் பார்க்க என்ன சாக்கு சொல்லிட்டு வர்றது?" அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். "இன்னொரு பொய் வேண்டாம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மேடம்."

அவள் காதோரம் சிவந்தது. "பிடிச்சிருக்குன்னா... அப்புறம் என்ன மேடம்?"

அவன் வாய் திறப்பதற்குள் சட்டைப்பையில் போன் அலறியது. வண்டிக்கு அழைப்பு! படியை நோக்கி ஓடினான்.

"சைரன்!" என்று அவள் கூப்பிட்டாள்.

நின்றான்.

"மீதி நாற்பது பக்கமும் சேர்ந்தே படிக்கலாம். இப்ப வேகமா போங்க... வரும்போது மெதுவா வாங்க. நான் ஜன்னல்கிட்டதான் இருப்பேன்."