புதன்கிழமை கடைசி பீரியட்

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில், ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில், ஒரு நெட்டையும் ஒரு சுண்டெலியும் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டுமே பட்டப்பெயர்கள்தான். நெட்டை, வகுப்பிலேயே உயரமானவள். நாற்காலி போடாமலே கரும்பலகையின் மேல் மூலையைத் துடைத்துவிடுவாள். சுண்டெலி, வகுப்பிலேயே குள்ளமானவள். வாய் மட்டும் பெரியது. இருவருக்கும் சேர்த்து ஒரே பென்சில் சீவிதான். ஒருத்திக்கு ஜலதோஷம் பிடித்தால் இன்னொருத்தி தும்முவாள்.

அப்போதெல்லாம் விடுமுறை நாளில் தோழியைப் பார்க்க வேண்டுமென்றால், அவள் வீட்டு வாசலில் போய் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும். அதனால் யார் யாரோடு பழகுகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இந்த இருவரும் பேசாமல்போனதற்குக் காரணம், ஓர் ஆரஞ்சுச் சுளை.

ஒரு திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் டப்பாவைத் திறந்தார்கள். நெட்டை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்டி சாப்பிடலை? வயித்து வலியா?” என்றாள் சுண்டெலி.

“இல்லை. அப்புறம் சொல்றேன். சாயங்காலம் வரைக்கும் அது ரகசியம்.”

தன்னிடமே ரகசியமா? சுண்டெலிக்குப் பொறுக்கவில்லை. ஆரஞ்சை உரித்தாள். ஒரு சுளையைக் கையில் மறைத்துக்கொண்டு காத்திருந்தாள். நெட்டை கொட்டாவி விட வாயைத் திறந்ததும், சட்டென்று சுளையை உள்ளே போட்டுவிட்டாள்.

நெட்டை துள்ளி எழுந்தாள். சுளையைத் துப்பினாள். வாயைத் துடைத்தாள், மறுபடி துப்பினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சுண்டெலியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னைக்கு என் முதல் நோன்புடி!” நெட்டையின் குரல் உடைந்தது. “சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. இதுக்காக விடியறதுக்கு முன்னாடியே எழுந்தேன்!”

சுண்டெலியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நெட்டை பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சுண்டெலி ஆசிரியர்கள் அறைக் கதவருகே தயங்கி நின்றாள். “டீச்சர், நோன்புன்னா என்ன?”

திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு டீச்சர் விளக்கினார். பிறகு, “இதை நீ அவகிட்டயே கேட்கலாமே?” என்றார்.

“அவ என்கூடப் பேச மாட்டேங்கறா டீச்சர். முன்னாடியே தெரிஞ்சிருந்தா சுளையை நானே தின்னிருப்பேன்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டியபடி யோசித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் புதன்கிழமை கடைசி பீரியடில், கரும்பலகையில் ‘தெரிந்துகொள்வோம்’ என்று எழுதினார். காலியான சாக்பீஸ் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“மத்தவங்க மதத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததைச் சீட்டுல எழுதிப் போடுங்க. பேர் போட வேண்டாம். கிண்டலாவும் கேட்க வேண்டாம்.”

பெட்டி நிரம்பி வழிந்தது. ‘கோயிலில் மணி அடிக்கிறார்களே, சாமி தூங்குகிறாரா?’ என்று ஒரு சீட்டு. ‘தேவாலயத்தில் பாட்டுத் தப்பாகப் பாடினால் திட்டுவார்களா?’ என்று ஒன்று. ‘எங்கள் வீட்டில் சாமியே கும்பிடுவதில்லை. நான் இந்த வகுப்புக்கு வரலாமா?’ என்று இன்னொன்று.

“தாராளமா வரலாம். ஏன் கும்பிடறதில்லைங்கறதையும் நாங்க தெரிஞ்சுக்கறோம்” என்றார் டீச்சர்.

மற்ற பீரியடுகளில் மணியை எதிர்பார்த்துக் கிடக்கும் வகுப்பு, புதன்கிழமை மட்டும், “அதுக்குள்ளயா?” என்றது. நெட்டை மட்டும் கடைசி பெஞ்சில் வாயே திறக்கவில்லை.

மூன்றாவது வாரம் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அந்தப் பாடம் வேண்டாமென்று சில பெற்றோர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை கூட்டம் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் சுண்டெலியின் அப்பாவும் ஒருவர்.

அப்பா எலக்ட்ரீஷியன். அன்று மாலை வீட்டில் ஒரு மேசை விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தார். சுண்டெலி டார்ச் பிடித்தாள்.

“ஏன்ப்பா கையெழுத்துப் போட்டீங்க?”

“சாமி விஷயம் வீட்டோட இருக்கணும். ஸ்கூலுக்குப் போனோமா, கணக்குப் போட்டோமான்னு வரணும். இன்னைக்குத் தெரிஞ்சுக்கோம்பாங்க, நாளைக்குக் கும்பிடும்பாங்க.”

“டீச்சர் யாரையும் கும்பிடச் சொல்லலையே.”

“டார்ச்சை நேராப் பிடி.”

நேராகப் பிடித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பா, நீங்க பள்ளிவாசல்ல ஃபேன் மாட்டினீங்கல்ல?”

“பன்னிரண்டு ஃபேன்! ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் சத்தம் போட்டதில்லை.”

“செருப்போடயா உள்ள போனீங்க?”

“சேச்சே! வாசல்லயே விட்டுடுவேன். தொழுகை நேரத்துல டிரில்லை ஆன் பண்ண மாட்டேன். தொழுதுக்கிட்டிருக்கிறவங்களுக்குக் குறுக்கே நடக்க மாட்டேன். தேவாலயத்துக்குள்ள போனா தொப்பியைக் கழட்டிடுவேன். கோயில்ல சாமி இருக்கிற அறைக்குள்ள கால் வைக்காம, வெளியில நின்னே ஒயரை நீட்டுவேன். என் தொழில்ல இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்மா.”

“யாருப்பா சொல்லிக் கொடுத்தாங்க?”

“யார் சொல்லிக் கொடுப்பா? முதல் தடவை தொழுதுக்கிட்டிருக்கும்போது ஏணியைத் தூக்கிக்கிட்டுக் குறுக்கே போனேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

“அப்போ நானும் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

அப்பா நிமிர்ந்தார். டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. சுண்டெலி ஆரஞ்சுச் சுளைக் கதையை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது.

“அதான் அந்த நெட்டைப் பொண்ணு நம்ம வீட்டுப் பக்கமே வரலையா?” என்றார் அப்பா மெதுவாக.

பிறகு விசிறியைப் பூட்டி முடித்தார். ஆனால் அன்று பூட்டிய விசிறி காற்றைப் பின்பக்கமாக வீசியது. அப்பா ஆழ்ந்த யோசனையில் இருந்தார் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

சனிக்கிழமை கூட்டத்துக்குள் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. சுண்டெலி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே நெட்டை நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் உயரம். சுண்டெலி குதித்தாள். உத்தரம் தெரிந்தது. மறுபடி குதித்தாள். மறுபடியும் உத்தரம்தான்.

“குதிக்காத. தூசி பறக்குது” என்றாள் நெட்டை, திரும்பாமலே. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“உள்ள என்ன நடக்குது?”

நெட்டை கொஞ்சம் பிகு பண்ணினாள். பிறகு, “பேக்கரிக்காரர் பேசறார். முகமெல்லாம் சிவந்து கிடக்கு” என்றாள்.

“என் பையன் மனசு மாறிட்டா யார் பொறுப்பு?” என்ற பேக்கரிக்காரரின் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது.

அடுத்து ஒரு பெண்குரல். “எனக்கு வேற பயம். எங்க மதத்தைப் பத்திச் சரியாத் தெரியாதவங்க தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டா? அதுக்குச் சொல்லாமலே விட்டுடலாம்.”

“அது எங்கம்மா. ஆஸ்பத்திரியில டியூட்டி முடிஞ்சு நர்ஸ் உடுப்போடயே வந்திருக்காங்க” என்றாள் நெட்டை.

சுண்டெலி இதை எதிர்பார்க்கவில்லை. நெட்டையின் அம்மாவுக்கும் பயமா? சிறிது நேரம் சுவரைக் கீறிக்கொண்டு நின்றாள்.

“நெட்டை, உன் நோன்பைக் கெடுத்துட்டேன்.”

“கெடலை. தெரியாம நடந்தா முறியாதுன்னு அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க.”

“அப்புறம் ஏன் பேசலை?”

“எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே.”

சுண்டெலி சுவரைக் கீறுவதை நிறுத்தினாள். “சிரிச்சது தப்புதான்” என்றாள்.

நெட்டை ஜன்னல் வழியே பார்த்தபடியே, “ஏய், உங்கப்பா எழுந்துட்டார்!” என்று கத்தினாள்.

“எனக்கு ஒயர் இழுக்கத்தான் தெரியும், பேச வராது” என்று ஆரம்பித்தார் அப்பா. “அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டவன்தான்.” பிறகு ஏணிக் கதையைச் சொன்னார். சிரிப்பு எழுந்தது. ஆரஞ்சுச் சுளைக் கதையைச் சொன்னார். சிரிப்பு அடங்கியது. “நான் திட்டு வாங்கித் தெரிஞ்சுக்கிட்டேன். பிள்ளைங்க திட்டு வாங்காம தெரிஞ்சுக்கட்டுமேன்னு இப்போ தோணுது. ஆனா இந்த அம்மா கேட்கறதும் நியாயமாத்தான் இருக்கு. அதுக்கு வழி எனக்குத் தெரியலை.”

சுண்டெலிக்கு மனதில் பளிச்சென்று ஏதோ பட்டது.

“நெட்டை, என்னைத் தூக்கு!”

“என்ன?”

“தூக்குடி, சீக்கிரம்!”

நெட்டை அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே திடீரென்று ஒரு சின்ன முகம் முளைத்ததைப் பார்த்துத் தலைமையாசிரியரே திடுக்கிட்டார்.

“நெட்டையோட அம்மாவே வகுப்புக்கு வந்து உட்காரட்டும் சார்! யார் வேணும்னாலும் வரட்டும். தப்பாச் சொன்னா அங்கேயே திருத்தட்டும்!” சுண்டெலி மூச்சு வாங்கினாள். “நெட்டை எங்க பெஞ்சுக்கே திரும்பி வந்துட்டா, கடைசி பெஞ்ச் காலிதான் சார்!”

கீழிருந்து ஒரு குரல் வந்தது. “வர்றேன். சீக்கிரம் பேசி முடி, கை வலிக்குது.”

நெட்டையின் அம்மாதான் முதலில் சிரித்தார்.

பரீட்சை வரைக்கும் நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பிடிக்காதவர்கள் பிள்ளைகளை அந்த நேரம் நூலகத்துக்கு அனுப்பலாம். எல்லாரும் கை தூக்கிவிடவில்லை. பேக்கரிக்காரர் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: “நான் நேர்ல வந்து பார்ப்பேன். ஒரு வார்த்தை தப்பா வந்தாலும் விட மாட்டேன்!”

சொன்னபடியே அடுத்த புதன்கிழமை வந்தார். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. கடைசி பெஞ்சில் முழங்கால் இரண்டும் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். அன்று நெட்டையின் அம்மா நோன்பைப் பற்றிச் சொன்னார். இரண்டாவது பெஞ்சில் நெட்டை பெருமை பிடிபடாமல் நிமிர்ந்து உட்கார, பின்னாலிருந்தவர்களுக்குக் கரும்பலகையே தெரியவில்லை.

முதலில் தூக்கப்பட்ட கை பேக்கரிக்காரருடையது. “நோன்பு நேரத்துல பல் தேய்க்கலாமா?”

பதில் கிடைத்தது. மறுபடி கை. “எச்சில் முழுங்கலாமா?”

மறுபடியும் கை. “என்னை மாதிரி நாள் பூரா ரொட்டி வாசனையில நிக்கறவன் என்ன பண்றது?”

“ஐயா, பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க” என்றார் டீச்சர்.

நெட்டையும் சுண்டெலியும் வளர்ந்து பெரியவர்களாகி எவ்வளவோ காலமாயிற்று. அந்த வகுப்பில் படித்ததில் பாதி மறந்துபோய்விட்டது. ஆனால் இருவரும் சந்தித்தால் பேக்கரிக்காரர் வந்த அந்த முதல் நாளைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். அன்று மணி அடித்ததும் பிள்ளைகளெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட, காலியான வகுப்பறையில் பேக்கரிக்காரர் மட்டும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு.”