ஒரு பதிவு மட்டும் வரவில்லை

மழைக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்குக் கூடத்தில் தைல நெடி அடித்தது. மூட்டுவலித் தைலம். கற்பூரமும் பழைய வியர்வையும் கலந்த அந்த நெடி மாமியாரோடு அந்த வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. பக்கத்து வீட்டில் யாராவது தேய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.

தலைக்குமேல் வேலை கிடந்தது. வலைப்பூவைப் புது சர்வருக்கு மாற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்ட ஆள், எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமலே பழைய இடத்தைத் துடைத்துவிட்டார். எடுத்துவைத்திருந்த நகலைத் திறந்தால் உள்ளே காற்று. யாரோ புண்ணியவான்கள் இணையத்தின் பழைய பக்கங்களை அப்படியே சேமித்துவைக்கும் தளம் ஒன்று இருந்ததால் பிழைத்தாள். அங்கிருந்து ஒவ்வொரு பதிவாக எடுத்து ஒட்டி, மறுபடி வெளியிட்டுக்கொண்டிருந்தாள்.

போனால் போகட்டும் என்று விட மனசு வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளிய வருஷங்களில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பகலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அங்கே கொண்டுபோய்க் கொட்டினாள். மாமியாருக்கு 'மகாராணி' என்று பேர் வைத்தாள். தைலம் தேய்க்கும்போது மகாராணி விட்ட சாபங்கள், டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டி அவளை அழைக்கும் தாளக்கட்டு, ஊட்டிய கஞ்சியை அவள் முகத்திலேயே துப்பிய அழகு. முகம் தெரியாதவர்களெல்லாம் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகாராணிக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.

மதியம் ஏற்றியது தைலப் பதிவு. அடுத்து, டம்ளர் பதிவை ஒட்டி வெளியிட்டாள்.

ணங்.

மழை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தது. இரும்பில் எவர்சில்வர் மோதும் சத்தம். கொஞ்சம் விட்டு, ணங், ணங். பொறுமையில்லாத கை.

அந்த அறையில் கட்டிலே கிடையாது. எப்போதோ தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. இஸ்திரி மேசையும் இரண்டு பழைய சூட்கேஸ்களும்தான் கிடந்தன. எழுந்துபோய்ப் பார்க்க அவளுக்குக் கால் வரவில்லை. டம்ளர் பதிவை அழித்தாள். சத்தம் நிற்கவில்லை. தைலப் பதிவை அழித்தாள். நெடி தொண்டைவரை இறங்கியது.

சர்வர்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், நானே பேசணும்னு இருந்தேன். நீங்க இனிமே ஒவ்வொண்ணா ஒட்ட வேணாம். எங்க பழைய மெஷின்ல ஒரு காப்பி மாட்டிச்சு. மொத்தத்தையும் இப்பதான் ஏத்தினேன்."

"எடுத்துடுங்க."

"என்னது?"

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க. இப்பவே."

அவர் சிரித்தார். "வயித்துல புளியைக் கரைக்காதீங்க மேடம். தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் வரலை. கடைசிப் பதிவு. தலைப்பு இருக்கு, தொறந்தா வெறும் பக்கம்."

"என்ன தலைப்பு?"

"'மகாராணி போய்ச் சேர்ந்தாள்'னு போட்டிருக்கு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

இருமல். சளியை இழுத்து நிறுத்தும் அதே இருமல். போன் கையிலிருந்து நழுவியது.

வாசல் கதவு திறந்தது. கணவன். குடையை உதறி மாட்டினான். போன உயிர் திரும்பியவள்போல எழுந்து அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் அவளைப் பார்க்கவேயில்லை. ஈரக்காலோடு நேரே உள்ளறைக்குப் போனான், அந்த நாளில் வேலைவிட்டு வந்ததும் போவதுபோல.

"சொல்லும்மா."

முணுமுணுப்பு. வார்த்தை புரியவில்லை. குரல் புரிந்தது.

"அவளா? வீட்லதான் இருக்கா. சரி. சரிம்மா. இரு, கூப்பிடறேன்." பிறகு உரக்க, "இங்க கொஞ்சம் வாயேன். அம்மாவைப் பத்தி நீ என்னமோ எழுதியிருக்கியாமே. படிச்சுக் காட்டச் சொல்றாங்க."

வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கால்கள் போயின. லேப்டாப் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள்?

கட்டில் இருந்தது.

ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாமல் கிடந்த மகாராணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் மகன். குனிந்த தலை நிமிராமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மகாராணி திட்டவில்லை. சபிக்கவில்லை. தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள், வந்து உட்கார் என்று.

மெதுவாக. மறுபடி.

தட்டத் தட்ட, வெள்ளை விரிப்பில் ஈரமண் அப்பிக்கொண்டே வந்தது.